கைதட்டலுக்கு விட்ட இடம்

பதினொரு நிமிடமும் பத்து விநாடியும் நீளும் ஒரு பேருந்துப் பயணம் அந்தப் படத்தின் நடுவில் இருந்தது. கணவனும் மனைவியும் பிரிவதற்குச் சம்மதித்து நீதிமன்றத்தில் கையெழுத்திட்டுவிட்டு வெளியே வருகிறார்கள். இருவருக்கும் ஊர் ஒன்று. அந்த நேரத்துக்கு ஊருக்குப் போகும் பேருந்தும் ஒன்றுதான். அவள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில் அமர்கிறாள். அவன் பின்படிக்கட்டை ஒட்டி நிற்கிறான். ஒரு சொல்லும் பேசாமல் போகிறார்கள். ஊர் வந்ததும் அவள் இறங்குகிறாள். அவன் இறங்காமல் அதே வண்டியில் போய்விடுகிறான். படத்துக்குப் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பு என்னிடமும் என் கூட்டாளியிடமும் இருந்தது. அது எங்களுக்கு முதல் படம். அந்தப் பதினொரு நிமிடத்தில் நான் செய்த பிழையால் படமே எங்கள் கையை விட்டுப் போகப் பார்த்தது. அதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்காரி. எட்டாம் வகுப்பில் முதன்முதலாகப் பேச்சுப்போட்டி மேடை ஏறினேன். கல்லூரி முடிப்பதற்குள் இந்த மாவட்டத்தில் நான் ஏறாத மேடை அரிது என்று சொல்லலாம். எத்தனை மேடையில் தோற்றாய் என்று கேட்டால் இன்றும் யோசிக்காமல் சொல்வேன்: நான்கு. அந்த நான்கிலும் யார் நடுவர், எந்த வாக்கியத்தில் சறுக்கினேன் என்பது வரை நினைவிருக்கிறது.

மேடைப்பேச்சைச் சொற்பெருக்கு என்று தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நேரத்தை ஆளத் தெரியாதவர் மேடையில் நிற்க முடியாது. ஐந்து நிமிடப் பேச்சில் நான்காம் நிமிடம் முடியும்போது ஒரு மணி அடிப்பார்கள். ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு. கடிகாரத்தைப் பாராமலே, அந்த முதல் மணிக்குச் சற்று முன்பாகத் தொகுப்புரைக்குள் நுழைந்துவிட எனக்குத் தெரியும். குரலை எங்கே ஏற்றுவது, ஏற்றிய இடத்தில் எப்படி வெட்டி நிறுத்துவது என்பதெல்லாம் பயிற்சியில் வருவது. நிறுத்திய பிறகு அவைக்குக் கைதட்ட இடம் விடுவதுதான் கடினம். இடம் விடாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனால் அவை தட்டாது. கொஞ்சம் கூடுதலாக விட்டாலோ, கைதட்டலுக்காக நிற்கிறாள் என்பது கடைசி வரிசை வரை தெரிந்துவிடும். எனக்கு அந்த அளவு கைவந்திருந்தது. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு.

என் கூட்டாளி மேலப்பாளையத்தைச் சேர்ந்தவள். அவளுடைய வாப்பா வளைகுடாவில் சில காலம் இருந்து திரும்பி, மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்தவர். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டு விழா என்று அவருடைய ஒலிபெருக்கிகள் போகாத இடம் இல்லை. அவள் என் கல்லூரியிலேயே மின்னணுவியல் படித்தாள். கல்லூரி அரங்கின் மைக்கைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருநாள் வரவில்லை. அன்று மிக்சர் முன்னால் உட்கார்ந்தவள், அதன்பிறகு அந்த நாற்காலியை யாருக்கும் விடவில்லை.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. ஒரு போட்டியில் முதல் பரிசோடு நான் மேடையிலிருந்து இறங்கி வருகிறேன். அவள் கோப்பையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஏட்டி, நீ ஒவ்வொரு வாட்டி 'ப'னா சொல்லும்போதும் எங்க வாப்பா ஸ்பீக்கர் செத்துப் பொழைக்குது. நாலு விரக்கடை தள்ளி நின்னு பேசு."

அவையே எழுந்து நின்று தட்டியதை நீ கேட்கவில்லையா என்று நான் கேட்டேன். கேட்காமல் என்ன, அந்தக் கைதட்டல் நன்றாகக் கேட்கட்டும் என்று அவையைப் பார்த்து வைத்த ஹால் மைக்கின் ஒலியை நான்தானே ஏற்றிவிட்டேன் என்றாள். அவள் சொன்ன இந்த விவரம் அப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிற்பாடு வேண்டியிருந்தது.

என் பேச்சுகளையெல்லாம் அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். சொற்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, சொற்களுக்கு நடுவே நான் இழுத்த மூச்சுகளை மட்டும் கோத்து அதை ஒரு தாளமாக ஓடவிட்டிருந்தாள். மூன்று நிமிடம், என் மூச்சு மட்டும். முதலில் அவமானமாக இருந்தது. முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னேன். சிறுவயதில் கீபோர்டு வகுப்புக்குப் போன பழக்கம் என் விரலில் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவர். ஒலிகளை அவள் செய்வாள்: மின்மாற்றியின் முனகல், தையல் எந்திரம், ஆற்றுப்பாலத்தின் கைப்பிடியைச் சாவியால் தட்டிய சத்தம், எதையாவது பதிவு செய்து கணினியில் போட்டு அது எதுவென்றே தெரியாத அளவுக்கு இழுத்து நீட்டிவிடுவாள். அந்த ஒலிகளை வாக்கியமாக்குவது என் வேலை. எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பதை நான் வாசிப்பேன். வீணையோ வயலினோ எங்களிடம் கிடையாது. கேட்டவர்களில் பாதிப்பேர் இது பாட்டா என்று கேட்டார்கள். மீதிப்பேர் திரும்பக் கேட்டார்கள்.

அப்படித் திரும்பக் கேட்டவர்களில் ஒருவர்தான் இயக்குநர். ஆழ்வார்குறிச்சிக்காரர். சென்னையில் பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, முதல் படத்தைத் தன் ஊரைச் சுற்றியே எடுத்து முடித்திருந்தார். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். ஒரு கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் சொன்னால் அவரைப் பொறுத்தவரை அது நீண்ட உரை.

படத்தில் மொத்தம் முப்பத்திரண்டு இடங்களுக்கு இசை தேவைப்பட்டது. அவள் வீட்டு மாடியில், ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடுக்கும் அறையில், ஜன்னல்களில் போர்வை தொங்கவிட்டு வேலை செய்தோம். பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை வெயில். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விசிறியைப் போட்டுக்கொள்வோம். அந்தச் சில நிமிடங்களுக்காக நானும் காத்திருக்கப் பழகிவிட்டேன்.

பேருந்துக் காட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பேச்சே இல்லாத காட்சி. அங்கே பேசும் உரிமை முழுவதும் எனக்கு என்று நினைத்தேன். ஒரு பட்டிமன்றம்போல் அதைக் கட்டினேன். கணவனுக்கு இடதுபக்க ஒலிபெருக்கியில் கனத்த, தாழ்ந்த ஒலி. மனைவிக்கு வலதுபக்கம் மெல்லிய, கூர்மையான ஒலி. அவன் தரப்பு ஏறி நிற்கும். அவள் தரப்பு அதை மறுத்து இன்னும் மேலே ஏறும். பத்தாவது நிமிடத்தில் இரண்டும் சேர்ந்து தீர்ப்புக்குப் போகும். ஆறு ஏற்றங்கள், ஒவ்வொன்றின் முடிவிலும் பளிச்சென்று ஒரு நிறுத்தம். கட்டி முடித்தபோது என் மிகச் சிறந்த பேச்சு இதுதான் என்று தோன்றியது.

இயக்குநர் வந்து கேட்டார். முடிந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது கொஞ்சம் கூடுதலாப் பேசுதோ?"

நான் எழுந்து நின்றே பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல் இல்லாத காட்சியில் இசைதான் சொல் என்றேன். இருவர் மனத்துக்குள்ளும் வழக்கு ஓய்ந்திருக்காது என்றேன். பார்வையாளனைப் பதினொரு நிமிடம் கட்டிப்போட இப்படியொரு ஏற்றமும் இறக்கமும் இல்லாவிட்டால் அவன் கைபேசியை எடுத்துவிடுவான் என்றேன். காட்சிக்குக் காட்சி அவருடைய படத்திலிருந்தே சான்று காட்டினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லுதது எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்று எழுந்தார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவர் படி இறங்கிப் போன பிறகு, மூலையில் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தவளிடம் எப்படி என்று கேட்டேன்.

"அவரு தோத்துட்டாரு" என்றாள். "காட்சி என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல."

பொறாமை என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் சுருட்டிய கேபிளை ஆணியில் மாட்டிவிட்டு விசிறியைப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, அம்பாசமுத்திரத்தில் ஒரு திரையரங்கைக் காலை நேரத்துக்குக் கேட்டு வாங்கிப் படத்தை ஓட்டிப் பார்த்தார்கள். படத்தில் வேலை செய்தவர்களும் அவர்களுடைய சொந்தக்காரர்களுமாக ஐம்பது பேர் இருக்கும். இடைவேளை வரை எல்லாம் அமைதியாகப் போயிற்று. பிறகு பேருந்து வந்தது.

மூன்றாவது ஏற்றம் தொடங்கியது. திரையில் அந்தப் பெண் பயணச்சீட்டை வாங்கி, அதைச் சிறிது சிறிதாக மடித்துக்கொண்டிருக்கிறாள். இசை உச்சிக்குப் போய் வெட்டி நின்றது. அந்த அமைதிக்குள், ஐந்தாவது வரிசையிலிருந்து ஒருவர் கைதட்டினார். படத்தில் நடத்துநராக நடித்தவரின் மைத்துனர் அவர் என்று பிறகு தெரிந்தது. அவரைப் பார்த்து நாலைந்து பேர் தட்டினார்கள். நான்காவது நிறுத்தத்தில் பாதி அரங்கு தட்டியது. அவைக்கு விதி பிடிபட்டுவிட்டது. ஐந்தாவதில் யாரோ சீட்டியும் அடித்தார்கள். திரையில் அவள் சீட்டை மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் நடுங்குவது யாருக்கும் தெரியவில்லை.

உள்ளதை எழுத வேண்டும். அந்த முதல் கைதட்டலில் என் முதுகு தானாக நிமிர்ந்தது. கன்னம் சூடானது. அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

வெளியே ஒரு தேநீர்க் கடையின் நிழலில் நின்று சொன்னார். குரல் உயரவில்லை. சென்னையில் ஒலிக்கலவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பன்னிரண்டு நாள் இருக்கிறது. படத்தொகுப்பாளருக்குத் தெரிந்த இசையமைப்பாளர் ஒருவர் சென்னையில் இருக்கிறார். ஒரு வாரத்தில் முழுப் படத்தையும் முடித்துக் கொடுப்பாராம்.

"அண்ணாச்சி, மக்களுடைய வரவேற்பை நாம எப்படிப் பார்க்கணும்னா..." என்று நான் தொடங்கினேன். என் செருப்பின் மேல் இன்னொரு செருப்பு அழுத்தியது.

"பேசாதட்டி" என்றாள் என் கூட்டாளி, என்னைப் பாராமல்.

இயக்குநர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். "அவங்க ரெண்டு பேரும் வாதாடி முடிச்சாச்சும்மா. முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுதாங்க. நீ பஸ்ஸுக்குள்ள திரும்ப கேஸ் நடத்துத."

என்னிடம் அதற்கு மறுப்பு இருந்தது. ஒன்றல்ல, பல. ஆனால் என் செருப்பின் மேல் அவள் செருப்பு இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

அவள்தான் கேட்டாள். "புதன்கிழமை வரைக்கும் தாங்கண்ணாச்சி. பஸ் மட்டும் மாத்தித் தாறோம். அது சரியில்லைன்னா எல்லாத்தையும் அவருட்ட கொடுத்துருங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். வியாழன் அன்று சென்னைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சரி, புதன் காலை என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் திருநெல்வேலி பேருந்தில் ஏறினோம். வண்டியில் கூட்டம். முன்பக்கம் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அவள் பின்னால் படிக்கட்டை ஒட்டி நின்றாள். இருவருக்கும் பேச விருப்பமில்லை. ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் எஞ்சின் சத்தம் திடீரென்று அகன்று, கல்லிடைக்குறிச்சிக்குள் நுழைந்ததும் மறுபடியும் ஒடுங்கியது. திரும்பிப் பார்த்தேன். அவள் கையிலிருந்த சிறிய பதிவுக்கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வீரவநல்லூர் தாண்டியும் எரிந்தது, சேரன்மகாதேவி தாண்டியும் எரிந்தது. ஊர் சேரும் வரை அவள் அதை அணைக்கவில்லை. ஒன்றரை மணிநேரம் நானும் வேறு வழியில்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சின் அடங்கும். விசில் கேட்டதும் கியருக்குக் கியர் ஏறும். ஏறியது ஒரு முடிவுக்கு வருவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். என் ஜன்னலின் கண்ணாடி சட்டத்துக்குள் ஆடிக்கொண்டே வந்தது. வண்டியில் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை மாடியறையில் அவள் கணினியைத் திறந்து பேருந்துக் காட்சியின் இசையைக் கோடுகளாகத் திரையில் விரித்தாள். ஒலி ஏறுமிடத்தில் கோடு தடித்திருக்கும்; நிற்குமிடத்தில் நூலாக ஒடுங்கும். ஆறு இடங்களில் நூல். அவள் அளந்தாள். ஒவ்வொன்றும் இரண்டரை விநாடி. வேறொரு காட்சியின் இசையைத் திறந்தாள். அதிலும் மூன்று இடம், இரண்டரை விநாடி. கிணற்றடிக் காட்சியிலும் அதேதான், மருத்துவமனைக் காட்சியிலும் அதேதான். கடைசியாக, எப்போதோ பதிந்து வைத்திருந்த என் கல்லூரிப் பேச்சு ஒன்றைத் திறந்து, நான் நிறுத்திய இடத்தை அளந்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, முழுப் படத்துக்கும் நீ கைதட்டல் கேட்டு வச்சிருக்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பளிச்சென்று ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளே சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த இடைவெளிகளில் ஒன்றை மட்டும் உரக்கப் போட்டாள். அது வெறும் அமைதியாக இல்லை. பெரிய மண்டபம் ஒன்றின் கதவு திறந்ததுபோல ஒரு விரிவு அதில் கேட்டது.

"இது நான் போட்டது" என்றாள். "ஒன் பேச்சுக்கு ஹால் மைக்க ஏத்தி ஏத்தி என் கை அங்கனயே போயிருக்கு. நீ நிறுத்துன இடத்துல எல்லாம் நான் ஹாலைத் திறந்து விட்டிருக்கேன்."

ஆக, முதலில் தட்டிய மைத்துனர்மீது குற்றமில்லை. கைதட்டல் கேட்டது நான். தட்டச் சொன்னது அவள். அவர் எங்கள் சொல் கேட்டு நடந்திருக்கிறார்.

அந்த இடைவெளிகளை வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். இடைவெளியை அடைத்தாலும் வாசித்த ஆள் அதே ஆள்தானே என்றாள். முதலிலிருந்து செய்யவேண்டும், பதினொரு நிமிடத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும், வெட்டும் ஒட்டும் கிடையாது, நான் ஏற்றிவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பம். இதுதான் அவள் வைத்த சட்டம். நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதை விட்டுப் பின்வாங்குவது என் வழக்கம் இல்லை.

சனிக்கிழமை ஒன்பது முறை வாசித்தேன். ஒன்பதும் ஏறின. முதல் முறை இரண்டாவது நிமிடத்திலேயே ஏறியது. சட்டையின் முதுகு முழுக்க நனைந்து, விரல் கட்டைகளில் வழுக்கியது. அவளுடைய உம்மா நன்னாரி சர்பத் கொடுத்தனுப்பினார். பாங்கு நேரத்தில் விசிறிக்குக் கீழே தரையில் படுத்துக்கொண்டு, எந்த இடத்தில் ஏற்றினேன் என்று நோட்டில் குறித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு முறை. இப்போது நடுவில் ஏறுவது நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் பத்தாவது நிமிடம் கடந்ததும் என் வலது கை தன்பாட்டுக்குத் தொகுப்புரைக்குப் போனது. முதல் மணி என் உடம்புக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

"கடிகாரத்தைப் பார்க்கத்தானே செய்யுத" என்றாள்.

பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. திரையின் மூலையில் ஓடும் நேரத்தை மறைக்க ஒரு தாள் வேண்டும் என்று மேசையைத் துழாவினாள். என் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாள் அவள் கையில் அகப்பட்டது. புதன்கிழமை இயக்குநர் ஒப்பாவிட்டால் சொல்வதற்காக நான் எழுதி வைத்த உரை அது. முதலாவதாக, இரண்டாவதாக என்று எண்கள் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு. அவள் அதை முழுவதும் படித்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். எழுத்துப் பக்கம் உள்ளே போகுமாறு திருப்பி, கடிகாரத்தின் மேல் ஒட்டிவிட்டாள்.

அப்படியும் திங்கட்கிழமை முழுவதும் பத்தாவது நிமிடத்தில் கை ஏறியது. கடிகாரம் எனக்குத் தேவையே இல்லை என்பது நிரூபணமாயிற்று. மேடையில் அதுவே என் பலம். இங்கே அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு, இனி என்னால் முடியாது, நீயே வாசி என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். அவள் திருப்பித் தள்ளினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரிஞ்சா ஒன்ன எதுக்குட்டி வச்சிருக்கேன்? நாளைக்கு வா. பைய வா, ஒண்ணும் அவசரம் இல்ல."

செவ்வாய்க்கிழமை போனபோது திரை என் பக்கம் இல்லை. அவள் மேசையைச் சுற்றித் திருப்பி, தன் முகத்தை நோக்கி வைத்திருந்தாள். படத்தை நீ பார்க்கவேண்டாம் என்றாள். என் காதில் ஹெட்போனை மாட்டினாள். வெள்ளிக்கிழமை நாங்கள் வந்த பேருந்து அதில் ஓடிக்கொண்டிருந்தது: ஒன்றரை மணிநேரப் பதிவு. அதோடு சேர்ந்து வாசி. நான் கை காட்டும் வரை நிறுத்தாதே. அந்தக் காட்சியை நான் எப்போது ஓடவிடுவேன், எப்போது முடியும் என்பது உனக்குத் தெரியாது. இவ்வளவுதான் அவள் சொன்னது.

நேரம் தெரியாமல் நான் அதுவரை எதையும் பேசியதில்லை, வாசித்ததும் இல்லை. தொடக்கத்தில் கை என்னென்னவோ செய்தது. இதோ முடியப்போகிறது என்று நினைத்து இரண்டுமுறை ஏற்றினேன். அவள் கை காட்டவில்லை. ஏற்றியதைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாமல் இறக்கினேன். பாலம் வந்தது, போனது. வண்டி நின்றபோது கையும் தாழ்ந்தது; விசிலுக்குப் பிறகு எஞ்சினோடு போயிற்று. எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்றுகூட ஒரு கட்டத்துக்கு மேல் கவனிக்கவில்லை. தரப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தாழ்ந்த ஒலி, அதன்மேல் அவ்வப்போது கண்ணாடி ஆடுவதுபோல ஒன்று. அவள் கை காட்டியபோது நான் எதையோ பாதியில் பிடித்திருந்தேன். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் அவள் அந்தக் காட்சியை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்திருந்தாள்.

"மூணாவது ஓட்டத்தை எடுத்துக்கிடுவோம்" என்றாள். கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை இயக்குநர் வந்தார். போர்வையை இழுத்துவிட்டோம், விசிறியை நிறுத்தினோம். அந்தப் பெண் பயணச்சீட்டை மடிக்கும் இடத்தில் அவர் முன்னால் குனிந்தார். முன்பு கைதட்டல் விழுந்த இடம் அது. இப்போது அங்கே எஞ்சின் சத்தத்தோடு கலந்து எது எங்கள் ஒலி, எது வண்டியின் ஒலி என்று பிரிக்க முடியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல் நடுங்கியது தெரிந்தது. ஊர் வந்தது. அவள் இறங்கினாள். வண்டி அவனோடு போயிற்று. இசை நிற்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து காலைக் கழுவும் அடுத்த காட்சி வரை அது கூடவே வந்து, எப்போது போனது என்று தெரியாமல் போய்விட்டது.

இயக்குநர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இசை ஏன் நிற்காமல் போகிறது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. என் கூட்டாளி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார்.

போட்டோம். அவர் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. விசிறியைப் போடவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கை அசைத்தார். முடிந்ததும் நான் விசிறியைப் போட்டேன்; அவர் கைபேசியை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். மறுமுனையில் படத்தொகுப்பாளர்.

"வேற ஆளு வேண்டாம்வே. இங்கனயே முடிஞ்சிரும்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "முடிஞ்சிரும்லா?" என்று கேட்டார்.

மற்ற முப்பத்தோரு இடங்களிலும் இதே கோளாறு இருக்கிறது என்பதை அவரிடம் அவள் சொன்னாள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒலிக்கலவைக்கு ஏழு நாள் இருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார்.

"முடிச்சிருவோம்" என்றேன். ஒரு சொல். என் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை.

போகும்போது கணினித் திரையின் மூலையில் ஒட்டியிருந்த தாளைக் கவனித்தார். ஓரம் காற்றில் தூக்கி, என் கையெழுத்து கொஞ்சம் தெரிந்தது. விரலால் தூக்கி, "முதலாவதாக" என்று உரக்கப் படித்தார்.

"இது என்னதும்மா?"

"அவ பேச்சு அண்ணாச்சி" என்றாள் என் கூட்டாளி. "நீங்க வேண்டாம்னு சொன்னா பேசுததுக்கு எழுதி வச்சிருந்தா."

அவர் தாளின் ஓரத்தை முன்போலவே அமுக்கி ஒட்டினார். ஒரு முறைக்கு இரு முறை கட்டைவிரலால் தேய்த்துவிட்டுப் படியிறங்கினார்.

அவள் கிணற்றடிக் காட்சியைத் திறந்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விசிறியை நிறுத்தச் சொன்னேன்.